நாலாவது ஆள்

பேருந்தின் பின்கண்ணாடி வழியாக மூன்று தலைகள் தெரியும். நடுவில் அண்ணனின் தலை, இரண்டு பக்கமும் பெரியப்பாவும் பெரியம்மாவும். சிதம்பரம் பேருந்து நிலையத்தின் வாசலில் நின்றுகொண்டு அந்தத் தலைகள் மறையும்வரை பார்ப்பேன். எனக்கு அப்போது எட்டு வயது. தலை சீவி, பூ வைத்து, இருப்பதிலேயே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு நான் அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. மூன்று பேராக வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது, கிளம்பினால் போகிற காரியம் விளங்காது என்பதில் பெரியம்மா பிடிவாதமாக இருந்தாள். அவர்களோ ஒரே மகனோடு அளவெடுத்ததுபோல் மூன்று பேர். அதனால் எங்கே போனாலும் நாலாவது ஆளாக என்னைக் கூட்டிக்கொண்டு வாசல்படி இறங்குவார்கள். பேருந்து ஏறியதும் நாலாவது ஆளின் வேலை முடிந்துவிடும். "வூட்டுக்குப் போயிடு. சாவி எதிர் வூட்ல இருக்குது. வெயில்ல சுத்தாத" என்று ஜன்னல் வழியாகச் சொல்வாள் பெரியம்மா. அவ்வளவுதான்.

அப்பா இறந்த பிறகு அம்மா கடலூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கடைக்கு மேலேயே வேலைபார்க்கும் பெண்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள், அதில் குழந்தைகளுக்கு இடம் கிடையாது. அதனால் மூன்று வருடம் நான் தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பெரியம்மா வீட்டில் இருந்தேன். அம்மாவின் கூடப்பிறந்த அக்காதான். ஆனால் அம்மாவை 'நீ' என்று கூப்பிட்ட என் வாய்க்கு அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட வந்தது. என்னை அவள் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால்கூடத் தெருவில் நாலு பேர் எனக்காகப் பேசியிருப்பார்கள். இதற்கு யார் பேசுவார்கள்? எதிர்வீட்டுக்காரி ஒருத்திதான் ஒருமுறை கேட்டாள். "ஏங்க்கா, மூணு பேரா போறவுங்க ஒரு கல்ல எடுத்துப் பையில போட்டுக்குவாங்களே, அது ஆவாதா? பாவம், அந்தப் பொண்ணு சிங்காரிச்சிக்கிட்டு வந்துட்டுத் திரும்புது." பெரியம்மா செருப்பை மாட்டியபடியே பதில் சொன்னாள். "ஆவும்தான். கல்லுன்னா தேடி எடுக்கணும். இது கையோட இருக்குது." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு காணும் பொங்கலுக்குப் பிச்சாவரம் போவதாகப் பேச்சு நடந்தது. "படகுல தண்ணி தெளிக்கும், மாத்துத்துணி எடுத்துக்குங்க" என்று பெரியப்பா பொதுவாகச் சொன்னார். அவர் பொதுவாகச் சொன்னதை நான் எனக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். என் மஞ்சள் கவுனை மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, யாருக்கும் தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். பேருந்துப் படியில் அவர்களுக்குப் பின்னால் ஒரு காலையும் வைத்துவிட்டேன். பெரியம்மா என் தோளைப் பிடித்து இறக்கினாள். கோபமாகக்கூட இல்லை, வழியில் இருக்கும் ஸ்டூலை நகர்த்துவதுபோல் நகர்த்தினாள். "நீ எங்க வர்ற? நாலு பேரா கெளம்பியாச்சி, போதும்." வீட்டுக்கு வந்து நான் அழவில்லை. கவுனை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன். மாலையில் அவர்கள் வந்து பார்க்கும்போது, நான் வருவதாக நினைத்துத் துணி எடுத்துக்கொண்டு போனது தெரிந்துவிடக் கூடாது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

பழசையெல்லாம் மறந்துவிட்டேன், மன்னித்துவிட்டேன் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் மறக்கவில்லை. படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, பெண் பிறந்தாள். எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் கறுவிக்கொண்டே இருந்தேன். நல்லது கெட்டதுக்குப் பெரியம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துப் பேசி, காபி வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். என்றைக்காவது ஒரு நாள் உன்னை ஒரு தெரு முனையில் நிற்கவைத்துவிட்டுப் போகாவிட்டால் நான் என் அம்மாவுக்குப் பிறந்தவள் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அதற்கான நாளைக் கொண்டுவந்து கொடுத்தது அண்ணன்தான், அதுவும் தெரியாமலே.

அண்ணன் நல்லவன். அவனைப் பொறுத்தவரை நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். பேருந்து நிலையத்து வாசலெல்லாம் அவனுக்கு ஞாபகமே இல்லை. சிங்கப்பூரில் இருக்கிறான். என் மகளுக்கு இரண்டரை வயதானபோது பெடல் இல்லாத சின்ன சைக்கிள் ஒன்றை அனுப்பிவைத்தான். பேலன்ஸ் பைக் என்கிறார்கள். குழந்தை சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் போக வேண்டியது. போகப்போக ஒரு நாள் தானாகவே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வழுக்கிக்கொண்டு போகும், அப்போது அதற்கு பேலன்ஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். என் மகளுக்கு வந்துவிட்டிருந்தது. அண்ணன் மகனுக்கும் அதேபோல ஒன்று, அவனுக்கு இன்னும் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பத்து நாள் லீவில் குடும்பத்தோடு வந்தபோது அந்த சைக்கிளையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். தெற்கு வீதிச் சந்தில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நடுவில் குழந்தை எங்கே ஓட்டுவான்? வாசலிலேயே உந்திக்கொண்டு நின்றான். "எம் பேரன் காலத் தூக்கிக்கிட்டுப் போறத நான் பாத்துடணும்" என்று பெரியம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அண்ணன்தான் போனில் சொன்னான். "ரெண்டு வாண்டும் ஒண்ணா ஓட்டுனா எப்புடி இருக்கும்? நீதான் ஆபீஸ்ல எல்லாருக்கும் டூர் புரோகிராம் போடுறவளாச்சே, ஒரு பிளான் போடு. மச்சான்கிட்ட வண்டி கேளு. ஞாயித்துக்கெழம மட்டும்தான் இருக்குது. அன்னிக்கி மத்தியானம் உன் அண்ணியோட அம்மா வூட்டுக்கு சேத்தியாத்தோப்பு போயிடுவோம். அங்கேருந்து அப்புடியே சென்னை, பிளைட்டு."

ஆக, பெரியப்பா இறந்த பிறகு தனியாக இருக்கும் பெரியம்மா பேரனோடு இருக்கப்போவது அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான். போனை வைத்ததும் நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன்.

பிளான் போடுவது என் பிழைப்பு. அதிகாரிகள் எத்தனை மணிக்கு எங்கே இறங்குவார்கள், யார் எந்த வண்டியில் என்று கடலூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பதினாலு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதையும் அப்படியே எழுதினேன். இடம், கடலூர் சில்வர் பீச். மணலில் சக்கரம் புதையும், அதனால் மணலுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில் ஓட்டவேண்டும். இந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, குழந்தை உள்ளங்காலைத் தேய்த்துத்தான் நிறுத்தும். செருப்புப் போட்டால் விரல் நகம் பிய்ந்துவிடும், மூடின ஷூதான் போடவேண்டும். தொப்பி, மாற்றுத்துணி, பாய், தண்ணீர், இட்லி, வாழைப்பழம். ஆறரைக்குச் சிதம்பரத்தில் வண்டி எடுத்தால் எட்டு மணிக்குள் கடற்கரை. அந்தப் பையன் இன்னும் சிங்கப்பூர் நேரத்துக்கே எழுவதும் தூங்குவதுமாக இருந்ததால் ஒன்பதேகாலுக்கு மேல் தாங்கமாட்டான், அதற்குள் ஓட்டிவிட வேண்டும். பத்தரைக்குத் திரும்பக் கிளம்பிவிட வேண்டும். இதெல்லாம் தாளின் முன்பக்கம். பின்பக்கம் காரின் படம் போட்டு ஐந்து சீட்டுகளை வரைந்தேன். முன்னால் என் வீட்டுக்காரரும் அண்ணனும். பின்னால் அண்ணி, மடியில் என் மகளோடு நான். தன் மகனுக்கென்று தனியாக ஒரு கார் சீட் கொண்டுவந்திருப்பதாகவும், அதை வைத்தால் ஒரு ஆள் இடம் போய்விடுமே என்றும் அண்ணன் சொல்லியிருந்தான். வேறு சமயமாக இருந்தால், நாமெல்லாம் மடியில் உட்கார்ந்து வளராதவர்களா என்று அவனை ஓட்டியிருப்பேன். இப்போது, "கட்டாயம் வைக்கணும் அண்ணா, பாதுகாப்பு முக்கியம்" என்றேன். வண்டி நிறைந்துவிட்டது.

"அம்மாவயும் கூட்டிட்டு வரலாம்ல?" என்றான்.

"கூட்டிட்டு வராமலா? நீங்க மூணு பேரு மட்டும் வூட்ட வுட்டுக் கெளம்பக் கூடாதே. சந்துக்குள்ள வண்டி வராது. பெரியம்மாவோட நாலு பேரா நடந்து கீழ வீதி முனைக்கு வந்துடுங்க."

அன்று அவர்கள் நாலு பேரும் நடந்து வந்தார்கள். முதல் நாளே நாங்கள் வந்து சிதம்பரத்திலேயே இருக்கும் என் மாமியார் வீட்டில் தங்கியிருந்தோம். ஆறு மணிக்கே போய் முனையில் நின்றுகொண்டேன். பெரியம்மா இஸ்திரி போட்ட நீலப் புடவை கட்டி, ஒரு கையில் பேரனையும் மறு கையில் பால் பிளாஸ்க்கையும் பிடித்துக்கொண்டு, முட்டி வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அண்ணி ஏறினாள், குழந்தையை சீட்டில் வைத்துப் பட்டை மாட்டினாள், நான் என் மகளோடு ஏறிக் கதவைச் சாத்தினேன். சைக்கிள்கள் டிக்கியில். பெரியம்மா காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கி, முப்பது வருடமாக வைத்திருந்ததைச் சொன்னேன். "வூட்டுக்குப் போயிடுங்க பெரியம்மா. வெயில்ல சுத்தாதீங்க."

அண்ணன் பதறிப்போய் இறங்கப் பார்த்தான். தான் பேருந்தில் வருவதாகச் சொன்னான். "இந்த முட்டிய வச்சிக்கிட்டு அவுங்க அங்க வந்து என்னா பண்ணுவாங்க அண்ணா? வெயில் ஜாஸ்தி" என்றேன். அவன் கதவுப் பிடியில் கையை வைத்தபடி அம்மாவைப் பார்த்தான். பெரியம்மாவே சொல்லிவிட்டாள். "நீ ஒக்காருடா. புள்ளைக்கி நேரமாவுது." பிளாஸ்க்கை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது என்னைப் பார்த்தாள். கெஞ்சுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன், இரண்டும் இல்லை. வண்டி நகர்ந்தது. நான் திரும்பிப் பின்கண்ணாடியில் பார்த்தேன். நீலப் புடவை முனையிலேயே நின்றது. நன்றாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், வெகுநாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருந்தது.

கடற்கரையில் எல்லாம் நான் எழுதியபடியே நடந்தது. காற்று இதமாக இருந்தது, கூட்டம் இல்லை. என் மகள் முன்னால் போவாள், அண்ணன் மகன் உந்தி உந்திப் பின்னால் போவான். அவள் காலைத் தூக்குவாள், அவன் நின்று பார்ப்பான். அவனுக்குப் பொறாமை வர வேண்டும் என்று காத்திருந்தோம். ஒன்பது மணிக்கு வந்தது. லேசான சரிவு ஒன்றில் அவள் வழுக்கிக்கொண்டு போனதும், அவனும் இரண்டு உந்து உந்திவிட்டுக் கால்களைத் தூக்கினான். ஐந்தாறு விநாடி இருக்கும். நேராகப் போனான். நின்றதும் தன் கால்களையே குனிந்து பார்த்தான். அண்ணன் வீடியோ எடுத்துக்கொண்டே கத்தினான். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி மறுபடி நாலு தடவை ஓட்டினான். அண்ணன் உடனே அம்மாவுக்கு வீடியோகால் போட்டான், மணி அடித்து அடித்து நின்றது. பத்து நிமிடத்தில் பையன் வாழைப்பழத்தைக் கையில் வைத்தபடியே பாயில் சுருண்டு தூங்கிப்போனான்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து, முதலில் ஒரு காலை ஊன்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா இறங்கினாள்.

நீலப் புடவை கசங்கியிருந்தது. அண்ணன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். கடலூர் பஸ் பிடித்து வந்தேன், உட்கார இடம் கிடைக்கவில்லை, பாதி வழி நின்றுகொண்டுதான் வந்தேன் என்றாள். பேரன் தூங்குவதைப் பார்த்தாள். அண்ணன் போனை நீட்டினான். கையால் விலக்கினாள். "போன்ல வேணாம். எழுந்துக்கட்டும், நேர்ல பாக்குறேன்." அண்ணனும் அண்ணியும் அவளுக்கு இளநீர் வாங்கப் போனார்கள். என் வீட்டுக்காரர் காரை நிழலுக்கு நகர்த்தப் போனார். பாயில் தூங்குகிற குழந்தைக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவள்.

"அப்ப உனக்குத் தனியா பஸ் ஏறத் தெரியாது. எனக்குத் தெரியும். அதான் வந்துட்டேன்" என்றாள் கடலைப் பார்த்துக்கொண்டு.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அப்ப, எல்லாம் ஞாபகம் இருக்குதா உங்களுக்கு?"

"இல்லாம என்னா?"

"ஏன் அப்புடிப் பண்ணீங்க? ஒரு நாளாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

முட்டியைத் தடவிக்கொண்டாள். "எனக்கு அப்ப உம்மேல பிரியமில்ல. இருந்திருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன். இதுக்கு மேல என்னாத்தச் சொல்றது."

அந்தக் காலத்துக் கஷ்டம், பெரியப்பாவின் குணம், டிக்கெட் செலவு என்று அவள் சொல்லக்கூடிய சமாதானங்கள் அத்தனைக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. வருடக்கணக்கில் பாத்திரம் தேய்க்கும்போதும் பேருந்தில் போகும்போதும் அந்தப் பதில்களைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியானது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

என் மகள் அந்த நேரம் பார்த்து எங்கள் முன்னால் ஓட்டிக்கொண்டு போனாள், இரண்டு காலும் அந்தரத்தில். "பாருங்க, எம் பொண்ணு" என்றேன். பெரியம்மா பார்த்தாள். "நல்லா ஓட்றா" என்று சொல்லிவிட்டு உடனே பேரனின் முகத்துக்குத் திரும்பினாள்.

பத்தேகால் ஆனது, பத்து இருபது ஆனது. பையன் அசையவில்லை. பெரியம்மா அவன் பாதத்தில் ஒட்டியிருந்த மணலை ஒரு விரலால் தட்டினாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள். அண்ணன் வந்து அவளையும் குழந்தையையும் பார்த்தான். "எழுப்பலாமா?" என்று கேட்டான். அவளிடம் இல்லை, என்னிடம். பிளான் போட்டவள் நான்தானே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பெரியம்மாவும்தான்.

"தூங்குற புள்ளைய எழுப்பக் கூடாது அண்ணா. எழுப்புனா நாள் பூரா அழுவான். சேத்தியாத்தோப்புல வேற சாப்பாட்டோட காத்துக்கிட்டிருப்பாங்க" என்றேன்.

"ஆமாங்க, சிணுங்க ஆரம்பிச்சான்னா வுட மாட்டான்" என்றாள் அண்ணி. குழந்தை வளர்க்கிற எவளும் ஒத்துக்கொள்கிற பேச்சுதான் அது. ஆனால் எனக்குத் தெரியும். பத்து நிமிடம் அழுவான். சைக்கிளைக் கண்ணில் காட்டினால் அழுகை நின்றுவிடும், என் மகளை அப்படி எத்தனையோ தடவை எழுப்பியிருக்கிறேன். சேத்தியாத்தோப்பில் அரை மணி நேரம் தாமதமானால் குடி முழுகிப்போகாது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

எங்கள் வீடு கடலூர்தான் என்பதால் நானும் மகளும் அங்கேயே இறங்கிக்கொள்கிறோம், என் வீட்டுக்காரர் மட்டும் அவர்களைக் கொண்டுபோய் விடுவார் என்று ஏற்பாடு. ஆகவே திரும்பும்போது என் சீட் காலி. அதில் பெரியம்மா உட்கார வேண்டும். குழந்தையைத் தூக்கம் கலையாமல் அவன் சீட்டில் வைத்தார்கள், அவன் பக்கத்தில் அவள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் சொன்னாள்.

"நானா இருந்தாலும் எழுப்பியிருக்க மாட்டேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வீட்டு மனுஷியிடம் சாதாரணமாகப் பேசுவதுபோல், கிட்டத்தட்டப் பிரியமாக, சொன்னாள். அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

போன வருடம் பெரியம்மா இறந்துவிட்டாள். காரியத்துக்கு அண்ணன் வந்திருந்தான். பையன் இப்போது பெடல் சைக்கிள் ஓட்டுகிறானாம். "அம்மா அந்த வீடியோவக் கடேசி வரைக்கும் பாக்கவேயில்ல தெரியுமா? அடுத்த தடவ நேர்ல பாக்குறேன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் தலையை ஆட்டினேன். கூடத்தில் உறவுக்காரப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, செத்துப்போன என் அம்மாவை நினைத்துக்கொண்டு, நான் அப்படியே அம்மா ஜாடை, அம்மா குணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் அதில் பெருமை உண்டு. பெரியம்மா ஒருத்திதான், 'நானா இருந்தாலும்' என்ற அந்த ஒரே பேச்சில், நான் தன் ஜாடை என்று சொல்லிவிட்டுப் போனவள். அன்று கார் கதவைச் சாத்தும்போது அதை மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.